எடை பார்க்காத ஊசி

அம்மாவுக்கு இரண்டு பெண்கள். மூத்தவளைப் பெரியவள் என்றும் இளையவளைச் சின்னவள் என்றும் கூப்பிட்டுக் கூப்பிட்டு, வீட்டில் அதுவே பெயராக நிலைத்துவிட்டது. பெரியவள் மயக்க மருந்து டாக்டர். ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் ஆபரேஷன் தியேட்டரில், தூங்குகிறவர்களின் தலைமாட்டில் நின்று அவர்கள் மூச்சுக்குக் காவல் இருப்பது அவள் உத்தியோகம். கண் விழித்த நோயாளி கத்தி பிடித்தவரைக் கையெடுத்துக் கும்பிடுவான். தன்னைத் தூங்கவைத்து எழுப்பியவள் முகம் அவனுக்கு ஞாபகம்கூட இருக்காது. அதில் அவளுக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. யாருக்கும் தன் முகம் நினைவில்லை என்றால் அன்றைக்கு வேலை ஒழுங்காக நடந்திருக்கிறது என்று அர்த்தம் என்பாள்.

அவள் கணவர் அறுவை டாக்டர். கடைவீதியில் ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் சொந்தமாகக் கிளினிக் வைத்திருந்தார். பெரிய ஆபரேஷன் எதுவும் இல்லை. மரு, கொழுப்புக் கட்டி, சதைக்குள் வளர்ந்த நகம், காது ஓட்டை கிழிந்தது, இப்படி நடந்து வந்தவர்கள் நடந்தே வீட்டுக்குப் போகிற வேலைகள். கை வேகம், வாய் அதைவிட வேகம். ஊசி குத்தும்போது ஒரு ஜோக், கத்தி வைக்கும்போது இன்னொரு ஜோக். சிரித்து முடிப்பதற்குள் தையல் போட்டிருப்பார். ‘டாக்டர் கைபட்டதே தெரியலை’ என்று சொல்லிக்கொண்டே படியிறங்காதவர்கள் இல்லை.

கணவன் மனைவிக்குள் ஒரே ஒரு விஷயத்தில்தான் ஒத்துவராது. அது அந்த மரத்துப்போகிற ஊசி.

“ஒரு கட்டிக்கு ஒரு ஊசி, சரி. ஒரே ஆளுக்கு இருபது கட்டி எடுக்கறீங்களே, மொத்தம் எவ்வளவு மருந்து உள்ள போகுதுன்னு பார்க்கறீங்களா?” என்று சாப்பாட்டு மேஜையில் கேட்பாள் பெரியவள்.

“தோலுக்கு அடியில போடற ஊசிம்மா. அங்கேயே இருந்துட்டு அங்கேயே போயிடும்.”

“எங்க போகும்? ரத்தத்துலதான் போகும். அளவு மீறினா மூளைக்கும் போகும், இதயத்துக்கும் போகும். ஆளோட எடையைப் பார்த்துக் கணக்குப் போடணும். குத்தினதும் பிஸ்டனைக் கொஞ்சம் பின்னால இழுத்து, ரத்தம் வருதான்னு பார்க்கணும். பக்கத்துல ஒரு மானிட்டர் ஓடணும். ஏதாவது ஆச்சுன்னா ஏத்தறதுக்கு, மீறின மருந்தை உறிஞ்சிக்கற அந்தக் கொழுப்பு மருந்து ஒரு பாட்டில் அலமாரியில இருக்கணும்.”

“உன் வேலையில பயப்படறதுக்குத்தான் சம்பளம். எனக்குப் பயந்தா பொழப்பு ஓடாது” என்று சொல்லி அவர் கையலம்ப எழுந்துவிடுவார். அவள் விடாமல் நச்சரித்ததில் ஒருதரம் அந்தப் பாட்டிலை வாங்கியும் வைத்தார். பால் மாதிரி வெள்ளையாக இருக்கும் மருந்து அது. உடைக்காமலேயே தேதி முடிந்தது. தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி வாங்கவில்லை. “உன் பால் திரிஞ்சுபோச்சு” என்று வீட்டுக்கு வந்து சிரித்தார். அவளுக்கும் அப்போது சிரிப்பு வந்துவிட்டது. அதை நினைத்து அவள் பிற்பாடு தன்னைத்தானே திட்டிக்கொண்ட நாட்கள் உண்டு.

சின்னவளின் கணவன் கப்பலில் வேலை பார்ப்பவன். வருஷத்தில் பாதிக்குமேல் கடலில்தான். சின்னவளும் அவள் பெண்குழந்தையும் அம்மாவோடு இருந்தார்கள். ஒரு குழாய் ஒழுகினாலும், குழந்தைக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் வாங்குவதானாலும் அத்தானுக்குத்தான் போன் போகும். அவரும் முகம் சுளிக்காமல் வந்து நிற்பார். அந்த விஷயத்தில் அவரைக் குறை சொல்ல நாக்கு வராது.

சின்னவளுக்குக் கையிலும் தொடையிலும் இடுப்பிலுமாகக் கொழுப்புக் கட்டிகள் இருந்தன. நெல்லிக்காய் அளவில் சில, சுண்டைக்காய் அளவில் பல. வலி கிடையாது, கெடுதலும் கிடையாது. ஆனால் அவளுக்கு ஒரு நீச்சல் குளத்தில் குழந்தைகளுக்குக் கற்றுக்கொடுக்கிற வேலை கிடைத்தது. நீச்சல் உடையில் நின்றால் எல்லாம் தெரியும். இளைத்தால் கரையும் என்று யாரோ சொன்னதை நம்பி அரைவயிறு சாப்பிட்டுப் பார்த்தாள். கன்னம் ஒட்டியது, கழுத்தெலும்பு துருத்தியது, கட்டி மட்டும் அப்படியே இருந்தது. இளைத்த உடம்பில் இன்னும் எடுப்பாகத் தெரிந்தது.

அக்காவிடம் கேட்டாள். “நாலஞ்சா எடுத்துக்கலாம். ஒவ்வொரு தடவைக்கும் நடுவுல கொஞ்சம் இடைவெளி விட்டு வா” என்றாள் பெரியவள். சின்னவளுக்கு அந்தப் பொறுமை இல்லை. அத்தானிடம் போனாள். “ஒரே மூச்சுல முடிச்சுடலாம், வா” என்றார் அவர். இரண்டு பேரும் கூடிப் பேசி, பெரியவளிடம் மூச்சுவிடாமல் ஒரு நாளும் குறித்துக்கொண்டார்கள்.

அன்றைக்கு முற்பகலில் பெரியவள் ஒரு ஆபரேஷனை முடித்து நோயாளியை எழுப்பி வெளியே அனுப்பியிருந்தாள். அடுத்தவர் இன்னும் உள்ளே வரவில்லை. அப்போது கிளினிக்கின் வரவேற்பில் இருக்கும் பெண்ணிடமிருந்து போன் வந்தது.

“மேடம், உடனே வாங்க. டாக்டர் கூப்பிடச் சொன்னார். ஒரு பேஷண்டுக்கு வலிப்பு வந்து நிக்கவே மாட்டேங்குது.”

“மரத்துப்போற ஊசி போட்டாரா?”

“நிறைய இடத்துல போட்டார் மேடம்.”

“ஆக்சிஜன் வெக்கச் சொல்லு. தாடையைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லு. ஆம்புலன்ஸைக் கூப்பிடு. வந்துட்டே இருக்கேன்.”

தன் இடத்தில் நிற்கும்படி உடன் வேலை பார்க்கும் டாக்டரிடம் ஒரு வார்த்தை சொன்னாள். தியேட்டரின் அவசர அலமாரியைத் திறந்து அந்த வெள்ளை மருந்துப் பாட்டில்களையும் வலிப்பை அடக்கும் ஊசியையும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு ஓடினாள். கிளினிக் இரண்டு தெரு தள்ளித்தான். தியேட்டர் செருப்போடு, தலையில் கட்டிய தொப்பியோடு கடைவீதியில் ஓடுகிறவளை எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

மாடி ஏறி உள்ளே நுழைந்தபோது கணவர் மேஜைமேல் குனிந்து நோயாளியின் நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தார். நர்ஸ் முகமூடியைப் பிடித்துக் காற்றடித்துக்கொண்டிருந்தாள். மேஜையிலிருந்து தொங்கிய கையில் ஒரு தையல் பாதியில் நின்று, நூல் ஆடிக்கொண்டிருந்தது. பெரியவள் நாடியைத் தேடி அந்தக் கையைத் தொட்டாள். அப்புறம்தான் முகத்தைப் பார்த்தாள்.

கத்தவில்லை. கத்துவதற்கு நேரம் இல்லை என்பது அவள் கைகளுக்குத் தெரிந்திருந்தது. நரம்பில் ஏற்கெனவே ஊசி ஏற்றியிருந்தது நல்லதாகப் போயிற்று. வெள்ளை மருந்தைப் பெரிய சிரிஞ்சில் உறிஞ்சிச் செலுத்தினாள். மறுபடி உறிஞ்சினாள், மறுபடி செலுத்தினாள். மீதியைச் சொட்டாக ஓடவிட்டாள். “நிறுத்தாதீங்க, அழுத்துங்க” என்று மட்டும் சொன்னாள். கணவர் அழுத்தினார். அவர் நெற்றியிலிருந்து வியர்வை சின்னவள் கழுத்தில் சொட்டியது. நர்ஸ் உதட்டுக்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே காற்றடித்தாள்.

நாடி முதலில் வந்ததா, தனக்குத்தான் அப்படித் தோன்றியதா என்று பெரியவளுக்கு நிச்சயமில்லை. விரலை அழுத்திப் பார்த்தாள். இருந்தது. மெலிசாக, தட்டுத்தடுமாறி, பிறகு கொஞ்சம் ஒழுங்காக. சாம்பல் பூசியது போலிருந்த உதடு மெல்ல நிறம் மாறியது. ஆம்புலன்ஸ் வந்து, ஸ்ட்ரெச்சரில் ஏற்றி, படி இறக்கும்போது சின்னவள் கண்ணைத் திறந்தாள். அக்காவைப் பார்த்ததும் நாக்குக் குழற ஒன்று சொன்னாள்.

“திட்டாதே அக்கா.”

 பெரியவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

சின்னவளைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் படுக்கவைத்துவிட்டு வெளியே வந்தபின் பெரியவள் கணவரைக் கேட்டாள்.

“எவ்வளவு போட்டீங்க?”

“தேவையான அளவு.”

“எடை பார்த்தீங்களா?”

“நம்ம சின்னவளோட எடை எனக்குத் தெரியாதா?”

“உங்களுக்குத் தெரிஞ்சது போன வருஷத்து சின்னவள். இப்ப எலும்பும் தோலுமா இருக்கா. ஒரே மருந்துதானா?”

“ரொம்ப நேரம் வலி தெரியாம இருக்கட்டும்னு இன்னொண்ணையும் கலந்தேன். ஒவ்வொண்ணும் அதோட அளவுக்குள்ளதான் இருந்துது.”

“உடம்பு ரெண்டையும் தனித்தனியா கணக்கு வெக்குமா? ரெண்டும் ஒரே வேலையைத்தானே செய்யும்? அவ ஒண்ணும் சொல்லலையா உங்ககிட்ட? காது, வாய், எதுவும்?”

 தூரத்தில் நின்றிருந்த நர்ஸ் தலையைக் குனிந்துகொண்டாள். பெரியவள் அவளைத் தனியே கூப்பிட்டுக் கேட்டபோதுதான் விஷயம் வந்தது. பாதி வேலையில் சின்னவள், ‘அத்தான், காதுக்குள்ள ஙொய்னு ஒரு சத்தம் கேக்குது’ என்றாளாம். ‘அப்படியா, நல்ல பாட்டா மாத்தச் சொல்லவா?’ என்றாராம் அவர். கொஞ்ச நேரத்தில், ‘வாயெல்லாம் காசை வெச்ச மாதிரி கசக்குது, நாக்கு தடிச்சுப்போச்சு’ என்றாளாம். ‘நாக்கு தடிச்சா நல்லதுதானே, உங்க அம்மாவுக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும்’ என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிக்கு ஊசியை எடுத்தாராம். சின்னவளும் சிரித்தாளாம். சிரிப்பென்று நினைத்த அந்த உதட்டிழுப்புதான் வலிப்பின் ஆரம்பமாம்.

உடம்பு அதற்குத் தெரிந்த பாஷையில் இரண்டு தரம் சொல்லியிருக்கிறது. ஊசியைக் கீழே வைத்திருந்தால் அதோடு போயிருக்கும்.

அம்மா அழுதுகொண்டே வந்து சேர்ந்தாள். கண்ணாடிக் கதவு வழியாக மகள் மூச்சுவிடுவதைப் பார்த்தாள். திரும்பி, நேரே மாப்பிள்ளையிடம் போய் அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

“நீங்க மட்டும் பக்கத்துல இல்லேன்னா என் பொண்ணு எனக்கில்லை. இந்தக் கையாலதானே நெஞ்சை அழுத்தி உயிரை மீட்டீங்க!”

பெரியவள் கணவரின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு வார்த்தை சொல்வார் என்று காத்திருந்தாள். ‘இல்லை அத்தை’ என்று ஆரம்பித்தால்கூடப் போதும், மீதியை அவளே மென்மையாக முடித்துக்கொள்வாள். அவர் அம்மாவின் தோளைத் தட்டி, “அலர்ஜிதான் அத்தை. யாருக்கு எது ஒத்துக்காதுன்னு யாரு கண்டா? பயப்படாதீங்க” என்றார்.

பன்னிரண்டு வருஷக் கல்யாணம். எத்தனையோ சண்டை போட்டிருக்கிறார்கள், எத்தனையோ தரம் சமாதானமாகியிருக்கிறார்கள். அந்தத் தோள்தட்டலைப் பார்த்தபோதுதான் அவர்மேல் அவளுக்கு முதன்முதலாக வெறுப்பு வந்தது. தப்பு செய்ததற்காக அல்ல. தப்பு யாருக்கும் வரும், அவளுக்கே கைதவறியிருக்கிறது.

வீட்டில் அவள் கேட்டது அதிகமில்லை. ஒரு எடை பார்க்கும் கருவி, ஒரு மானிட்டர், அந்தப் பாட்டில், பக்கத்தில் பயிற்சி பெற்ற ஒரு ஆள். இதெல்லாம் வரும்வரை பல கட்டிகளை ஒரே நாளில் எடுக்கும் வேலையை நிறுத்தவேண்டும். நடந்ததை நடந்தபடி சின்னவளிடம் சொல்லவேண்டும்.

“சொன்னா என்ன ஆகும் தெரியுமா? கிளினிக்கை இழுத்து மூடவேண்டியதுதான்” என்றார் அவர். “அவதான் பிழைச்சுட்டாளே. கிளறிக்கிட்டே இருக்கணுமா?”

“அவ பிழைச்சது நான் ரெண்டு தெரு தள்ளி வேலை பார்க்கறதால. வேற ஒருத்தருக்கு வந்தா?”

“இத்தனை வருஷத்துல யாருக்கும் வரலையே.”

சின்னவள் வீடு திரும்பிய அதே வாரம், பெரியவள் கிளினிக்குக்குப் போனாள். வரவேற்பில் ஒரு கிழவர் சட்டைக் கையை மடக்கிவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முழங்கையிலிருந்து தோள்வரை கட்டிகள். மெலிந்த உடம்பு. “இன்னிக்கே எல்லாத்தையும் எடுத்துடறேன்னு டாக்டர் சொல்லியிருக்கார். தங்கமான மனுஷன்” என்று அவளிடமே சொன்னார். பெரியவள் உள்ளே எட்டிப் பார்த்தாள். தராசு இல்லை, மானிட்டர் இல்லை. மருந்து நிரப்பிய சிரிஞ்சுகள் மட்டும் தட்டில் வரிசையாகக் கிடந்தன. கிழவரிடம், “இன்னிக்கு வேண்டாம், வீட்டுக்குப் போங்க” என்று சொல்லி அனுப்பிவிட்டு, அன்று சாயங்காலமே மருத்துவக் கழகத்துக்குப் புகார் எழுதிப் போட்டாள்.

அதன்பின் வீட்டில் அவளோடு பேசுகிறவர்கள் இல்லை. அம்மா மட்டும் ஒருநாள் வந்தாள், பேச அல்ல, சபிக்க. “கட்டினவனைக் காட்டிக்கொடுத்துட்டு நல்லா இருந்துடுவியா நீ? இத்தனை நாள் எங்களைத் தாங்கினவர்டி அவர். உன் சம்பளத்துத் திமிரு இது.”

“அம்மா, உன் பொண்ணு செத்துப் பிழைச்சிருக்கா.”

“பிழைச்சிருக்காளா இல்லையா? அப்புறம் உனக்கு என்னதான் வேணும்?”

விசாரணை ஒரு நீளமான அறையில் நடந்தது. மூன்று மூத்த டாக்டர்கள் உட்கார்ந்திருந்தார்கள். நர்ஸ் வேலையை விட்டுவிட்டுச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். கணவர் சாந்தமாகப் பேசினார். யாராலும் முன்கூட்டியே அறிய முடியாத விளைவு என்றார். பெரியவள் தனக்குத் தெரிந்ததைச் சொன்னாள். எடை, மொத்த அளவு, இரண்டு மருந்தைக் கலந்தது, காதில் கேட்ட சத்தம், வாய்க் கசப்பு. அந்த மூவரில் ஒருவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். அவருக்கு எல்லாம் புரிந்தது என்று அவளுக்குத் தெரிந்தது. கடைசியில் சின்னவளைக் கூப்பிட்டார்கள்.

“காதுல சத்தம் கேட்டதா டாக்டர்கிட்டச் சொன்னீங்களா?”

“ஞாபகம் இல்லை சார்.”

“இதுக்கு முன்னால எப்பவாவது வலிப்பு வந்திருக்கா?”

சின்னவள் அம்மாவைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: “சின்ன வயசுல ஒரு தடவை வந்திருக்கு. ஊசி போடறதுக்கு முன்னால அத்தான்கிட்ட அதைச் சொல்ல மறந்துட்டேன்.”

அம்மா எழுந்தாள். “ஆமாங்க. காய்ச்சல்ல வந்துது. மூணு வயசு இருக்கும். வாசல்லயே வெட்டிவெட்டி இழுத்துது. நான் தோள்ல போட்டுக்கிட்டு மழையில ஓடினேன்.”

 அந்தக் காய்ச்சலும் அந்த மழையும் அந்த ஓட்டமும் பொய் இல்லை. ஆனால் அன்றைக்கு அம்மா தோளில் கிடந்தது சின்னவள் அல்ல. சின்னவள் அப்போது பிறக்கவே இல்லை. அந்த வலிப்பு பெரியவளுக்கு வந்தது. உறவுக்காரர்கள் கூடும்போதெல்லாம் அம்மா கண்கலங்கச் சொல்லும் கதை அது. ‘இவளை அன்னிக்கே பறிகொடுத்திருப்பேன்’ என்று பெரியவளின் தலையைத் தடவிக்கொண்டே சொல்வாள். இப்போது அந்தக் கதையை அவளிடமிருந்து உருவி எடுத்து, இளையவளுக்குப் போட்டுவிட்டாள். மாப்பிள்ளையைக் காப்பாற்ற.

“அது நான்” என்றாள் பெரியவள். “சார், அது எனக்கு வந்தது.”

மூவரும் அவளைப் பார்த்த பார்வையில் எரிச்சல்கூட இல்லை, பரிதாபம்தான் இருந்தது. பெற்றவள் சொல்வதை நம்பாமல், புருஷன்மேல் கோபத்தில் இருக்கிற பெண்டாட்டி சொல்வதையா நம்புவார்கள்? வெளியே வரும்போது, தலையாட்டிக் கேட்டவர் அவளருகில் வந்து, “இதையெல்லாம் வீட்டுக்குள்ளேயே பேசித் தீர்த்திருக்கலாமே, டாக்டர்” என்றார்.

எதிர்பாராத விளைவு என்று தீர்ப்பாயிற்று. கணவருக்கு ‘இனிக் கவனமாக இருக்கவும்’ என்று ஒரு வரி. எழுத்தில் கண்டனம் வாங்கியது பெரியவள் ஒருத்திதான். அது அவளுடைய ஆஸ்பத்திரியிலிருந்து வந்தது. தியேட்டர் அலமாரியில் இருந்த அவசர மருந்தை அனுமதி இல்லாமல் வெளியே எடுத்துச் சென்றதற்காக.

அவள் ஆஸ்பத்திரிக் குடியிருப்பில் ஒரு அறை வாங்கிக்கொண்டு தனியே வந்துவிட்டாள். கணவர் கிளினிக்கில் மானிட்டரும் தராசும் அந்தப் பாட்டிலும் வாங்கி வைத்ததாகக் கேள்விப்பட்டாள். ‘உங்கள் பாதுகாப்பே எங்கள் கவலை’ என்று வாசலில் பெரிதாக எழுதிப் போட்டிருக்கிறாராம். கூட்டம் முன்னைவிட அதிகமாம். வயிறு எரிந்தது. ஆனாலும் அந்தக் கட்டிக்காரக் கிழவரை நினைத்தபோது, சரி, அவரையாவது தராசில் நிறுத்தி எடை பார்த்திருப்பார்கள் என்றும் தோன்றியது. அந்த நினைப்பு எரிச்சலை அணைக்கவில்லை.

அடுத்த கோடையில் ஒருநாள் அவசரப் பிரிவிலிருந்து ஆள் வந்தது. “உங்களைத்தான் கேக்கறாங்க மேடம். வேற யாரும் ஊசி போடக் கூடாதுன்னு அடம் பிடிக்கறாங்க.”

போய்ப் பார்த்தால் சின்னவள். மடியில் அவள் பெண். நீச்சல் குளத்து விளிம்பில் வழுக்கி விழுந்து மோவாய் பிளந்திருந்தது. சட்டையெல்லாம் ரத்தம். சின்னவள் அக்காவை நிமிர்ந்து பார்க்கவில்லை.

“அத்தான்கிட்டத் தூக்கிட்டுப் போன்னு அம்மா சொன்னாங்க” என்றாள். “நான் இங்க வந்துட்டேன்.”

பெரியவள் குழந்தையைத் தராசில் நிற்கவைத்தாள். கணக்குப் போட்டாள். மருந்துக் குப்பியின் பெயரை உரக்கப் படித்து, பக்கத்திலிருந்த நர்ஸையும் படிக்கச் சொன்னாள்.

“வலிக்குமா பெரியம்மா?”

“மொதல்ல எறும்பு கடிக்கும். அப்புறம் தூங்கிடும்.”

“எறும்பா?”

“இல்லடி, உன் மோவாய்.”

குழந்தை அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டது. பெரியவள் ஊசியை மெல்லச் செலுத்தினாள், பிஸ்டனைப் பின்னால் இழுத்துப் பார்த்தாள், ரத்தம் இல்லை. கொஞ்சம் மருந்து விட்டாள், நிறுத்தினாள், மறுபடி கொஞ்சம். “காதுல ஏதாவது சத்தம் கேக்குதா கண்ணு? வாய் கசக்குதா? உடனே சொல்லணும்” என்றாள். அந்தக் கேள்வியைக் கேட்டதும் சின்னவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது.

தையல் முடிந்தது. குழந்தையை நர்ஸ் முகம் கழுவ அழைத்துப் போனாள். அக்காளும் தங்கையும் மட்டும் நின்றார்கள்.

“குடும்பம் உடையக் கூடாதுன்னுதான் அப்படிச் சொன்னேன் அக்கா” என்றாள் சின்னவள்.

“அந்தக் குடும்பத்துல நான் இல்லையா?”

  பெரியவள் காத்திருந்தாள், நோயாளி கண் விழிக்கக் காத்திருக்கிற பழக்கம் அவளுக்கு. இத்தனை வருஷத்தில் இவ்வளவு நேரம் யாருக்காகவும் அவள் காத்திருந்ததில்லை. குழந்தை ஈர முகத்தோடு ஓடிவந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டது.

“தையல் பிரிக்க எப்ப கூட்டிட்டு வரணும்?” என்று கேட்டாள் சின்னவள்.

“ஒரு வாரம் கழிச்சு. எந்த டாக்டர்கிட்ட வேணும்னாலும் பிரிச்சுக்கலாம்” என்றாள் பெரியவள். “அதுக்கு ஊசி தேவையில்லை.”